ஏழு தலைக்குக் குல்லா

"இரு சார், வரி முடியட்டும்" என்பார் கன்னியப்பன். வண்டி எடுக்க வந்தவர் டோக்கனை நீட்டிக்கொண்டு நிற்பார். கன்னியப்பன் உதடு அசைய எண்ணிக்கொண்டே, பின்னுகிற வரியின் கடைசிக் கண்ணி வரைக்கும் போய், ஊசி இரண்டையும் இடக்கைக்கு மாற்றி, பிறகுதான் டோக்கனை வாங்குவார். பஸ் கிளம்புகிறது என்று கத்தினாலும் அப்படித்தான். ஒருமுறை சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்றார். அவருக்கும் வரி முடிந்துதான் வண்டி கிடைத்தது. காத்திருந்த நேரம் முழுக்க அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்த கன்னியப்பன், "உள்ள அட்டை வெச்சித் தெச்சிருக்கான். தலைக்குக் காத்து போவாது சார்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கிற சைக்கிள் ஸ்டாண்டில் அவர் உட்கார்ந்து ஏழு வருஷம் ஆகிறது. அதன் வாசல் ஓரம்தான் நான் பூக்கட்டி விற்கிறேன். அவருடைய காக்கிச் சட்டையின் இடப்பக்கப் பையில் நூலுருண்டை இருக்கும். அதிலிருந்து நூல் எழும்பி ஊசிக்கு வரும். தூரத்திலிருந்து பார்த்தால் நெஞ்சுக்குள்ளிருந்தே நூல் வருகிற மாதிரி தெரியும். கிட்டப் போனால் அதே பையில் பீடிக்கட்டும் தெரியும்.

பின்னுவது கம்பளிக் குல்லா. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, முதுகில் வேர்வை ஓடப் பின்னுவார். "இந்த ஊர்ல குளிரு எங்கண்ணே இருக்கு?" என்று வந்த புதிதில் கேட்டேன். "குல்லா தலைக்குத்தாம்மா, ஊருக்கா?" என்றார். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

விலைக்குக் கேட்டால் கொடுக்கமாட்டார். எல்லாம் குடும்பத்துக்குத்தான். பிள்ளை பிறந்தால் குல்லா, காதுகுத்துக்குக் குல்லா, பத்தாவது பாஸ் பண்ணினால் குல்லா, ஃபெயிலானால் மனசு விட்டுப்போகக் கூடாது என்று அதற்கும் ஒரு குல்லா. தலைகள் தீர்ந்துபோனால் வீட்டுச் சாமான்களுக்கு வந்துவிடுவார். மிக்ஸிக்கு உறை, ரேடியோவுக்கு உறை, மகன் வாங்கிக் கொடுத்த செல்போனுக்குக் கழுத்து வரை உறை. மணி அடித்தால் உறையைக் கழற்றி எடுப்பதற்குள் நின்றுவிடும். அவர் சம்சாரம் செல்வாம்பாள் எனக்குச் சாப்பாட்டில் பங்கு கொடுக்கும்போது சொல்லும்: "எங்க வூட்டுல உடுப்பு இல்லாதது அடுப்பு ஒண்ணுதாம்மா. தீப்புடிச்சிக்கும்னு வுட்டு வெச்சிருக்காரு."

முன்பு மில்லில் இருந்தவர். அறுந்துபோகிற நூலை எடுத்து முடிச்சுப் போடுகிற வேலை, இருபத்தாறு வருஷம். மாடிப்படியில் விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தபோது, அந்த வார்டில் ஒரு கன்னியாஸ்திரி ஓய்வு நேரத்தில் பின்னிக்கொண்டிருப்பாராம். இவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தது பொறுக்காமல் அந்த சிஸ்டர் இவர் கையிலும் இரண்டு ஊசியைக் கொடுத்துவிட்டார். கால் சரியாகி வீட்டுக்கு வந்தார். ஊசி கூடவே வந்துவிட்டது.

நூல் புதிதாக வாங்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் குவித்துப் போட்டு விற்கிற பழைய ஸ்வெட்டர்களை வாங்கிப் பிரிப்பார். எந்தத் தேசத்தில் யார் போட்டதோ, எல்லாம் பிரிந்து உருண்டையாகிவிடும். ஒரு குல்லாவில் முப்பது நாற்பது இடத்தில் ஒட்டு இருக்கும். "முடிச்சு எங்க இருக்குன்னு காட்டு, டீ வாங்கித் தரேன்" என்பார். ஏழு வருஷமாக நான் என் காசில்தான் டீ குடிக்கிறேன்.

அளவெடுக்க அவருக்கு டேப் கிடையாது. கை இருக்கிறது. கட்டைவிரலை நெற்றியில் ஊன்றி, சுண்டுவிரல் காதுக்குப் பின்னால் போகிற மாதிரி சாண் வைத்துச் சுற்றி வருவார். மிச்சத்தை விரற்கடையில் எண்ணுவார். அப்புறம் தலை வலிக்கக் கூடாது என்று ஒரு விரற்கடை கூட்டிக்கொள்வார். குல்லா விளிம்பில் எலாஸ்டிக் வைப்பது அவருக்குப் பிடிக்காது. அவர் தலையில் கை வைத்தால் ஆசீர்வாதம் என்று நினைத்துச் சின்னப் பிள்ளைகள் காலில் விழுந்துவிடும். "எழுந்திரு, பின்மண்டை பாக்கி இருக்குது" என்பார்.

போன வருஷம் ஆடி மாதம் அவர் மகன் வினோத்குமார் கடலூர் ரோட்டில் பைக்கோடு விழுந்துவிட்டான். மூன்று நாள் கண் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் கன்னியப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றார். தவளக்குப்பத்துக்கு உள்ளே போனால் அவர்கள் குலதெய்வம் ஐயனாரப்பன் இருக்கிறார். அவரை நினைத்து, 'பிள்ளை எழுந்தால் எங்கள் வகையறா ஆம்பிளைகள் ஏழு பேரும் வந்து முடி கொடுக்கிறோம்' என்று வேண்டிக்கொண்டார். நாலாம் நாள் விடியற்காலை பையன் தண்ணீர் கேட்டான்.

ஐயனாரப்பன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். மற்ற ஆறு பேரையும் கன்னியப்பன் கேட்கவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பெரியப்பா மகன் கலியபெருமாள் சைக்கிள் ஸ்டாண்டுக்கே வந்து சண்டை போட்டார். ஐம்பத்திரண்டு வயதிலும் மை பூசி, மேலே தூக்கிச் சீவி, காற்றடித்தாலும் கலையாத முடி அவருக்கு.

"எம் முடிய நீ எப்பிடிண்ணே வேண்டிக்கலாம்?"

"அந்த நேரத்துல வேற என்னா இருந்துச்சு எங்கிட்ட? தலைங்கதான் நெனப்புக்கு வந்துச்சு."

"உந்தலைய சொல்லியிருக்கலாம் இல்ல?"

"ஒரு தலைக்குக் கேக்குற விஷயமாடா அது?"

கலியபெருமாள் முடியை ஒருமுறை தடவிக்கொண்டார். அப்புறம் குனிந்து தலையைக் காட்டினார். ஏனென்றால் கன்னியப்பன் அதற்குள் சாண் விரித்துவிட்டார். கேட்காமல் ஏழு தலையை வேண்டிக்கொண்டதற்கு ஈடாக, தை மாசத்துப் பனியில் மொட்டைத் தலை நோகாமல் இருக்க ஏழு குல்லா என்று அவராகவே முடிவு செய்திருந்தார். தனக்கு, வினோத்துக்கு, கலியபெருமாளுக்கு, அவருடைய அண்ணனுக்கு, கலியபெருமாளின் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பையன்களுக்கு என்று ஆறு அளவு ஒரே வாரத்தில் எடுத்தாகிவிட்டது.

ஏழாவது தலை நோணாங்குப்பத்தில் இருந்தது. கன்னியப்பனின் கூடப்பிறந்த தம்பி அம்மாவாசை. அங்கே போட் ஹவுஸில், படகில் ஏறுகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிடுகிற வேலை. அண்ணனும் தம்பியும் பேசி நாலு வருஷம் ஆகிறது. வினோத் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயரைத் தாய்மாமன் பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள். அச்சாபீஸில் செய்த தவறு என்று ஒரு பேச்சு. சரிபார்த்தது கன்னியப்பன்தான் என்று இன்னொரு பேச்சு. அம்மாவாசை கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்கப்புறம் எதற்குமே வரவில்லை.

வேண்டுதலுக்குச் செல்வாம்பாளும் வினோத்தும் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டுவிட்டு வந்தார்கள். சித்தப்பா காபி கொடுத்தார், பதில் கொடுக்கவில்லை. "ஆறு பேரு போனா ஆவாதா?" என்று செல்வாம்பாள் கேட்டதற்கு, "ஏழுன்னு சொல்லிப்புட்டேன். புள்ளைய முக்கால்வாசியா குடுத்தாரு அவரு?" என்றார் கன்னியப்பன். அப்புறம் ஒரு வாரம் ஊசிச் சத்தம்தான்.

என் வீடும் நோணாங்குப்பம்தான். ஒருநாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பூக்கூடையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். ஊதா நிறக் குல்லா. "அவங்கிட்ட குடுத்துடும்மா. ஒண்ணும் சொல்லாத." அளவெடுக்காத தலைக்கு எப்படிப் பின்னினீர்கள் என்று கேட்க நினைத்தேன். அவர் அடுத்த உருண்டையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மாவாசை ஒரு காலேஜ் கூட்டத்துக்கு மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

"அவரு எப்பயும் அப்பிடித்தான். பத்திரிகைல என்னை எங்க போட்டாரோ அங்கயே இருக்கேன்னு சொல்லு."

சொன்னாரே தவிர, என் முன்னாலேயே குல்லாவை எடுத்துத் தலையில் மாட்டினார். அது பாதியிலேயே நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தார். நெற்றி சிவந்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கழிமுகத் தண்ணீரையே பார்த்தார்.

"பாத்தியா, பூக்காரம்மா? கூடப்பொறந்தவன் தலை எத்தினி பெரிசுன்றதே மறந்துபோச்சு அவருக்கு."

அன்றைக்கு ராத்திரி சாமி விளக்கேற்றும்போது, இந்தக் குல்லாவை என் கையால் கொடுத்திருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் கன்னியப்பனிடம் சொன்னேன். இறுக்குகிறதாம், மறந்துவிட்டீர்களாம் என்றேன். அவர் வரியை முடித்தார். வலது கையை விரித்துப் பார்த்தார். "ரெண்டு சாணு ஏழு வெரக்கடை. அது மாறாது" என்றார். வேறு பின்னிக் கொடுங்கள் என்றதற்கு அடுத்த வரியை எண்ணத் தொடங்கினார்.

தை மாதம் மூன்றாவது வெள்ளி. மாலைகள் என் பொறுப்பு என்பதால் நானும் வேனில் போனேன். வயலெல்லாம் பனி. ஐயனாரப்பன் கோயில் மண் குதிரைகளின் முதுகில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஐந்து பேருக்கு முடி இறக்கி, சந்தனம் பூசியாகிவிட்டது. கலியபெருமாள் தன் முடியை ஒரு மஞ்சள் பையில் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். முடி இறக்குகிறவர், "இன்னும் எத்தினி?" என்றார். "ரெண்டு" என்றார் கன்னியப்பன். தம்பி உட்காராமல் தான் உட்காரமாட்டார்.

பத்து மணி ஆயிற்று. பூசாரி, "ஆறு பேரே போதும்பா, சாமி ஏத்துக்கும்" என்றார். கன்னியப்பன் கல்லில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஊசி இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். விரல்கள் மட்டும் தாமாகவே பின்னிக்கொண்டிருந்தன. நான் குதிரைக் காலடியில் ஒரு முழம் பூவை வைத்து, வருகிறவருக்கு வழி விடு சாமி என்று கும்பிட்டேன்.

அம்மாவாசை சைக்கிளில் வந்தார். போட் ஹவுஸ் சட்டையைக்கூட மாற்றவில்லை. அண்ணன் பக்கம் திரும்பாமல், பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "இது எந்தலைக்குச் சேரல. திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்." அப்புறம் சட்டையைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, கத்திக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். "சாமிக்கு சொன்னது சாமிக்கு. வேற யாருக்கும் இல்ல" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் கன்னியப்பனும் வந்து உட்கார்ந்தார். ஏழு தலையும் முடிந்தது.

குளித்துவிட்டு வந்தவர்களுக்குச் செல்வாம்பாள் குல்லாக்களை எடுத்துக் கொடுத்தது. வினோத் மாட்டினான். அது புருவத்தைத் தாண்டி மூக்கில் போய் நின்றது. பையன்களில் ஒருவன் கண் மறைந்து மண் குதிரையில் முட்டிக்கொண்டான். கலியபெருமாளின் குல்லா நேராகத் தாடைக்கு இறங்கிவிட்டது. கன்னியப்பன் தன்னுடையதைத் தூக்கித் தூக்கிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அம்மாவாசை ஈரத்தலையோடு நடுங்கிக்கொண்டு ஓரமாக நின்றார். செல்வாம்பாள் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. "அண்ணி கையால போடறேன். வேணாம்னு சொல்லு பாக்கலாம்." ஊதாக் குல்லா காதுக்கு மேலே, நெற்றிக்குப் பாதியில், இறுக்காமல் தொங்காமல் உட்கார்ந்தது.

"ஏண்ணே" என்றார் கலியபெருமாள், தன்னுடையதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி. "தலைய அமுக்கி அமுக்கி அளவெடுத்த எங்களுக்கெல்லாம் மூஞ்சிய மூடுது. அளவே எடுக்காத அவனுக்கு எப்பிடி?"

"உங்களுக்கு முடியோட எடுத்துத் தொலைச்சிட்டேன்" என்றார் கன்னியப்பன். தன் குல்லாவைக் கழற்றிக்கொண்டே, "அவனுக்கு மொட்டையில எடுத்தது. அப்பா காரியத்துல" என்றார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பா கருமாதி அன்றைக்கு, மொட்டை போட்ட கையோடு அம்மாவாசைக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாம். அண்ணன் மடியில்தான் படுத்துக் கிடந்தாராம். பொழுது சாய்கிற வரைக்கும் அண்ணன் அந்தத் தலையை விட்டுக் கையை எடுக்கவில்லையாம். வேனில் திரும்பும்போது செல்வாம்பாள் சொன்னது. அம்மாவாசை எங்களோடு வேனில் வரவில்லை. திருப்பிக் கொடுக்க வந்ததைத் தலையில் போட்டுக்கொண்டே சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஆறு குல்லாக்களும் பிரிந்து மறுபடியும் உருண்டையாகிவிட்டன. கன்னியப்பன் சைக்கிள் ஸ்டாண்டில் முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தார். எல்லாருக்கும் மாதா மாதம் முடி வளர்வதால் எந்த அளவுக்குப் பின்னுவது என்று அவருக்கே குழப்பம். பங்குனி வெயில் தகரத்தைப் பொரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி அம்மாவாசை வந்தார். தலையில் இரண்டு மாதத்து முடி குத்திட்டு நின்றது. கையில் ஊதாக் குல்லா. கன்னியப்பன் நடு வரியில் இருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"இறுக்குது" என்றார் அம்மாவாசை. குனிந்து தலையைக் காட்டினார்.

கன்னியப்பன் வரியை முடிக்கவில்லை. பாதிக் கண்ணிகள் ஊசியிலிருந்து நழுவ, அப்படியே கீழே வைத்துவிட்டுக் கையை விரித்தார்.