ஆய்வுக்கு இரவல் போன லேப்டாப்

விக்கிரவாண்டியைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் சில வருடங்கள் கம்ப்யூட்டர் லேப் உதவியாளராக வேலை பார்த்தேன். வீடு திண்டிவனத்தில். தினமும் பஸ். அந்தக் கல்லூரியின் பெயரை இன்றைக்கு யாராவது சொன்னாலும் என் வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு.

அங்கீகாரம் கொடுக்கிற ஆய்வுக் குழு வரப்போகிறது என்றால் கல்லூரி கல்யாண மண்டபமாகிவிடும். அதாவது எல்லாமே வாடகை. நூலகத்துக்குப் புத்தகங்கள் முதலாளியின் இன்னொரு கல்லூரியிலிருந்து டெம்போவில் வந்து இறங்கும். பேராசிரியர்களும் அப்படியே வந்து இறங்குவார்கள். யாரோ ஒருவருடைய அறையில், யாரோ ஒருவருடைய நாற்காலியில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வாசலில் வைத்த பூந்தொட்டிகள் மறுநாளே நர்சரிக்குத் திரும்பிவிடும். நாங்கள் மட்டும்தான் நிரந்தரம், நாங்களும் கழிப்பறைத் துர்நாற்றமும்.

ஒரு வருடம் லேப்டாப் லேப் ஒன்றும் காட்டியாக வேண்டும் என்று வந்து நின்றது. வாடகைக்குக்கூட அத்தனை லேப்டாப் கிடைக்கவில்லை. அரசாங்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய காலத்தில் அதை வாங்கியவர்கள், அப்போது எங்கள் கல்லூரியில் கடைசி ஆண்டுக்கு வந்திருந்தார்கள். கல்லூரி முதல்வருக்கு மூளையில் பல்பு எரிந்துவிட்டது.

"பசங்க பையில சும்மாதானே கெடக்குது? ஒரு நாளைக்கு வாங்கி வரிசையா அடுக்கு. மெமரி கம்மியா இருந்தா நம்ம விழுப்புரத்து ஆளு பெருசா போட்டுக் குடுப்பாரு. முடிஞ்சதும் கழட்டிக்கட்டும்" என்றார்.

இப்படியாகத்தான் லேப்டாப்புகளுக்கு ஒரு நாள் பதவி உயர்வு வந்தது.

கொடுத்தவர்களில் ஒரு பெண், மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் செய்த ப்ராஜெக்ட், எந்த ஊரில் எந்த மீனுக்கு என்ன விலை என்று படகுக்காரர்களின் போனுக்குச் செய்தி அனுப்புகிற ஒரு சின்ன ப்ரோக்ராம். அவளே எழுதியது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த வகுப்பில் பாதிப் பேருடைய ப்ராஜெக்ட் சென்னையில் கடையில் வாங்கியது.

ஆய்வுக்கு மறுநாள் அவளுக்கு வைவா. வெளியூர்த் தேர்வாளர் முன்னால் ப்ரோக்ராமை ஓட்டிக் காட்ட வேண்டும். லேப்டாப்பைத் தரும்போது கையை விடாமல் நின்றாள்.

"மேடம், சாயங்காலமே கைக்கு வந்துடுமா? இத வச்சிக்கினுதான் நாளைக்கு நான் காட்டணும்."

"நான் இங்கதானே இருக்கேன். தைரியமா குடுத்துட்டுப் போ" என்றேன்.

மூடியில் இருந்த அரசு முத்திரையை மறைத்துக் கல்லூரி ஸ்டிக்கர் ஒட்டினோம். கல்லூரியின் சொத்து என்று எழுதி, கீழே ஒரு எண்ணும் போட்டது. கட்டடத்துக்குப் போட்ட சிமெண்ட் மழைக்குக் கரையும்; இந்த ஸ்டிக்கரின் பசை மட்டும் கல்லாக இறுகிக்கொண்டது.

பிறகு விழுப்புரத்துக்காரர் வந்தார். கம்ப்யூட்டர் வாடகைக்கு விடுகிறவர். பிள்ளைகளின் லேப்டாப்பில் இருந்த ரேமைக் கழற்றி, தன்னுடைய பெரிய ரேமைப் போட வேண்டியது அவர் வேலை. ரேம் என்பது விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு. அதன் ஓரத்தில் தங்க நிறப் பற்கள் இருக்கும். அந்தப் பற்கள் பள்ளத்தில் சரியாகப் பதிந்தால்தான் லேப்டாப்புக்கு உயிர் வரும். இந்த மனுஷனோ ஒவ்வொரு தகட்டிலும் தன் கடை எழுத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, செல்லோ டேப்பால் சுற்றி ஒட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"இதுமேல டேப் சுத்தலாமாங்க?" என்று கேட்டேன்.

"போன தடவ இங்க வந்து பேஜாரா பூடுச்சிமா. நல்லத எடுத்துக்கினு டொக்கு மாலத் திருப்பிக் குடுத்துட்டாங்க. நம்ம பொருளுக்கு நாமதானே அடையாளம் வைக்கணும்? ஓரத்துலதான் ஒட்டிக்கிறேன், ஒண்ணும் ஆவாது."

அவர் சொன்னதும் பொய்யில்லை. எங்கள் ஆட்கள் மாற்றியிருப்பார்கள். திருடர்களுக்குள் நம்பிக்கை இல்லாமல் போனால் டேப் விற்பனை கூடும் போலிருக்கிறது.

மற்ற லேப்டாப்புகள் எல்லாம் ஓடின. அவளுடையது ஓடவில்லை. விளக்கு எரிந்தது, உள்ளே மின்விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. முதல்வரிடம் சொன்னேன்.

"மூடி வை. அவங்க என்ன, எல்லாத்தையும் தொறந்தா பாக்கப் போறாங்க?" என்றார்.

மூடி வைத்தேன். அவர் கணக்கு தப்பவில்லை. குழுவில் ஒருவர் சரியாக அந்த லேப்டாப்பின் முன் வந்து நின்றார். அவர் ஸ்டிக்கரில் இருந்த எண்ணைப் படித்தார், தலையாட்டினார், குடிக்கக் கூலாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார்.

குழு சாப்பிடப் போன கையோடு விழுப்புரத்துக்காரர் தன் ரேம்களைப் பிடுங்கிக்கொண்டு பிள்ளைகளுடையதைத் திருப்பிப் போட்டார். "ஜல்தியா முடிக்கணும்மா, திண்டிவனத்துல இன்னொரு காலேஜு இருக்குது." அங்கேயும் இதே நாடகம், இதே சாமான். பழைய ரேமைத் திரும்பப் போட்டும் அவள் லேப்டாப்பில் படம் வரவில்லை.

"நான் கை வைக்கறதுக்கு முன்னாடியே அது அவுட்டும்மா" என்றார், திருகாணிகளைக்கூட முழுதாகப் போடாமல்.

"பழைய மெஷினு, போயிருக்கும்" என்றார் முதல்வர். காலையில் அந்தப் பெண் அதில்தான் ப்ரோக்ராமை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தாள் என்றேன். அவர் பல் குத்திக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது.

லேபில் இருந்த வாடகைக் கம்ப்யூட்டர்களும் லாரியில் ஏறிவிட்டன. மிச்சம் இருந்தவை, குழுவின் கண்ணில் படக் கூடாது என்று ஸ்டோர் ரூமில் ஒளித்து வைத்த பழசுகள். அவற்றில் எதிலும் அவள் ப்ரோக்ராம் ஓடாது. ப்ரோக்ராம் இருந்ததும் அந்த லேப்டாப்புக்குள் மட்டும்தான்; அது எழுந்தால்தான் அவளுக்கு வைவா. அவள் என் மேசைப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றிவிட்டு, மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டும் என்று பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். ரேமின் பற்களை அழிரப்பரால் தேய்த்துப் போட்டேன். அசையவில்லை. அவளுடைய ரேமைத் தோழியின் லேப்டாப்பில் போட்டேன், உடனே ஓடியது. தோழியின் ரேமை இதில் போட்டேன்; இருட்டு. அப்படியானால் ரேமில் கோளாறு இல்லை, அது உட்காரும் பள்ளத்தில்தான். அந்த மாடலில் பள்ளமும் ஒன்றே ஒன்றுதான், மாற்றிப் போட இடமில்லை.

செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தேன். பற்களுக்கு நடுவே ஏதோ மினுங்கியது. செல்லோ டேப். அவசரத்தில் பிடுங்கியபோது கிழிந்து உள்ளேயே தங்கிவிட்டது.

அவள் விடுதிக்கு ஓடி, புருவம் திருத்தும் இடுக்கி ஒன்றை வாங்கி வந்தாள். மெல்லப் பிடித்து இழுத்தேன். பசையோடு நூலாக நீண்டு, தூசியும் யாருடைய தலைமுடியோ ஒன்றும் ஒட்டிக்கொண்டு, சளி மாதிரி வந்தது. இத்தனை பெரிய கட்டடம், இத்தனை கோட்டு சூட்டு, இவர்கள் ஒருவரையொருவர் நம்பாத அழுக்கு மொத்தமும் கடைசியில் இந்தப் பெண்ணின் லேப்டாப்புக்குள்தான் வந்து ஒட்ட வேண்டுமா?

மிச்சப் பசையை ஸ்பிரிட்டில் நனைத்த காகித நுனியால் துடைத்து, காயவிட்டு, ரேமைப் போட்டேன். திரை வெளுத்தது. அவள் ப்ரோக்ராமைத் திறந்தாள். வஞ்சிரம், சங்கரா, காரப்பொடி என்று வரிசையாக வந்தன. அவள் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்தான்.

இனி வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று நான் பையை எடுப்பதற்குள், லேப்டாப்போடு விடுதிக்குக் கிளம்பியவள் திரும்பி வந்துவிட்டாள். விடுதி இருப்பது ரோட்டுக்கு அந்தப் பக்கம். மற்றவர்கள் பைக்குள் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள்; இவள் கையில் பிடித்துக்கொண்டு போனதால் கேட்டில் வாட்ச்மேன் விடவில்லையாம். நான் கூடப் போனேன்.

"காலேஜு சொத்துன்னு நம்பர் போட்டுக்குதேமா. இத வெளிய விட்டுட்டு நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்றார் வாட்ச்மேன்.

ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். நகம்தான் போனது. வேறு வழியில்லாமல் முதல்வர் அறைக்குப் போனோம். அவர் ஒரு போன் போட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்தார், யோசித்தார். குழுவுக்கு ஆல்பம் போட வந்த போட்டோகிராபர் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தார். முதல்வரின் முகத்தில் மறுபடியும் அந்த பல்பு எரிந்தது.

"நம்பர் போட்ட பொருள் வெளிய போவணும்னா ஒரு காரணம் வேணுமில்ல? ஏழை மாணவிக்குக் கல்லூரி குடுத்ததா இருந்துட்டுப் போகட்டும். ஒரு போட்டோ எடுத்துடலாம்."

"சார், இது என்னோடது சார்" என்றாள் அவள்.

"உன்னோடதுதாம்மா. அதான் உனக்கே குடுக்கறோம்."

அவளிடமிருந்து வாங்கி அவளுக்கே நீட்டினார். அவள் பிடித்தாள், அவர் விடவில்லை, போட்டோ எடுக்கும்வரை இருவர் கையும் அதன்மேல். "லேப் மேடம், நீங்களும் வாங்க" என்று என்னையும் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார்கள். சிரியுங்கள் சிரியுங்கள் என்று போட்டோகிராபர் உயிரை எடுத்தார். அவள் போய் வைவாவுக்குத் தயாராக வேண்டும், இந்தக் கர்மம் முடிந்தால் சரி என்று பல்லைக் காட்டினேன்.

மறுநாள் அவள் வைவாவில் நன்றாகச் செய்தாள். தேர்வாளர் பாராட்டினார்.

அட்மிஷன் நேரத்தில் அந்தப் போட்டோ டோல்கேட் பக்கத்தில் ஃபிளெக்ஸ் பேனராக எழுந்தது. 'ஏழை மாணவிக்கு இலவச லேப்டாப் வழங்கிய கல்லூரி.' பஸ்ஸில் தினமும் அதைக் கடக்கும்போது நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் அவள் போன் செய்தாள். குரலே சரியில்லை. மீன் வண்டியில் விழுப்புரம் போன அப்பா அந்த பேனரைப் பார்த்துவிட்டாராம். அரசாங்கம் கொடுத்தது ஒன்று, காலேஜ் கொடுத்தது ஒன்று, இன்னொன்று எங்கே, யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்கிறாராம். நடந்ததைச் சொன்னால் நம்பவில்லையாம். எவனோ ஒருவனுக்குக் கொடுத்துவிட்டாள் என்று வீட்டில் பேச்சாகிவிட்டதாம்.

"எங்க நைனாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மேடம்" என்று போனை அவர் கையில் கொடுத்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். லேப்டாப்பை இரவல் வாங்கியது, ஸ்டிக்கர், டேப், கேட்டில் மறித்தது, ஒன்றுவிடாமல். உங்கள் மகள்மேல் ஒரு குற்றமும் இல்லை, இருப்பது அந்த ஒரே லேப்டாப்தான் என்றேன். அவர் குறுக்கே பேசாமல் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதாங்கம்மா" என்றார். "ஆனா அந்தப் படத்துல நீங்களும் பக்கத்துலயே நின்னு சிரிச்சிக்கினு கீறீங்களே."