பின்னால் பார்த்த இருக்கை

வண்டியில் ஐந்து பேர் இருந்தோம்: ஓட்டுநர், அவர் பக்கத்தில் அக்காவின் மாமனார், பின்னால் நான், அக்கா, எங்களுக்கு நடுவே அவளுடைய பத்து மாதப் பெண் குழந்தை. குழந்தையின் அப்பா இல்லை. மச்சான் ஷார்ஜாவில் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். என் அம்மாவும் அப்பாவும் விடியற்காலையிலேயே பஸ் ஏறி, செந்துறைக்கு அப்பால் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போய்விட்டார்கள். அன்று குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமனான என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தோடு என் சட்டைப்பையில் இருந்தது.

குழந்தை உட்கார்ந்திருந்தது, கார் சீட்டின் மேல் பெல்ட்டால் கட்டிவைக்கும் தனிக் குழந்தை இருக்கை. மச்சான் அனுப்பியது. அவர் வேலை பார்த்த வீட்டுக் குழந்தை வளர்ந்துவிட்டதால் அதைக் கொடுத்திருக்கிறார்கள். ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த, பக்கத்து ஊர் லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் சுமந்துவந்து சேர்த்தார். "அதுல வச்சுத்தான் கூட்டிட்டுப் போவணும். கூட ஒரு புக்கு இருக்கும், தம்பிய படிக்கச் சொல்லு" என்று போனில் அக்காவிடம் சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருக்க வேண்டும், எடையும் ஒன்பது கிலோ தாண்டியிருக்க வேண்டும். இரண்டும் ஆகும்வரை இருக்கை வண்டியின் பின்கண்ணாடியைப் பார்த்தே இருக்க வேண்டும். சின்னக் குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பலம் போதாது என்று காரணமும் போட்டிருந்தது.

மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். கொலுசோடு ஒன்பது கிலோ இருநூறு.

பின்சீட்டில் பெல்ட் உள்ள வாடகை வண்டியாகப் பெரம்பலூரில் தேடிப் பிடித்தேன். சீட் உறைக்கு அடியில் கிடந்த பெல்ட்டை உருவி எடுத்தபோது ஓட்டுநர் சிரித்தார். "மூணு வருசமா ஓட்டுறன் சார், இப்படி ஒண்ணு இருக்குறதே இன்னைக்குத்தான் தெரியுது."

இருக்கையைப் பின்பக்கம் பார்த்தபடி கட்டினேன். அக்காவின் மாமனார் குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி, புள்ளைய இப்படித் திருப்பி வச்சிருக்கீங்க?"

"ஒரு வயசு முடியிற வரைக்கும் இப்படித்தாங்க மாமா."

"அதான் ஒண்ணு நடக்குதுல்ல. பதினொண்ணாம் மாசம்."

"நடந்தா பத்தாதுங்க. முடிஞ்சிருக்கணும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "சாமிகிட்ட போறோம். மொத மொதல்ல போற புள்ள, முதுவக் காட்டிக்கிட்டா போவும்? புக்கு எழுதுனவனுக்குக் கொலசாமி இருக்கா என்னா?"

எங்கள் ஊரில் சாமி கும்பிட்டுத் திரும்பும்போதுகூட நாலடி பின்னாலேயே நடந்துதான் திரும்புவோம். அக்கா என்னைப் பார்த்தாள். "நீதான்டா படிச்சவன். நீ சொல்லு." நல்ல நேரம் தப்பிவிடும் என்று ஓட்டுநர் வேறு அவசரப்படுத்தினார். படித்தவன் என்று எதிர்த்துப் பேசுகிறான் என்ற பேச்சு எனக்கு வேண்டாமென்று தோன்றியது. "எடைதான் வந்துருச்சே. திருப்பிக்கலாம்" என்றேன். வாரை அவிழ்த்து, இருக்கையைத் திருப்பிக் கட்டியது நான்தான்.

அரியலூருக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று கைகாட்டாமல் குறுக்கே திரும்பியது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். வண்டி எதிலும் மோதவில்லை. வார் குழந்தையின் உடம்பைப் பிடித்துக்கொண்டது. தலையை எதுவும் பிடிக்கவில்லை. அது முன்னால் போய்த் தொங்கி, பின்னால் வந்து இடித்தது.

குழந்தை உடனே அழவில்லை. அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு வந்த அழுகை மெலிந்து, விட்டு விட்டு வந்தது. தலை வலது தோளில் சாய்ந்தே கிடந்தது. நான் இறங்கி, இடப்பக்கம் நின்று, கொலுசைக் கழற்றி ஆட்டினேன். கண் மட்டும் திரும்பியது, தலை திரும்பவில்லை.

அரியலூரில் பார்த்த டாக்டர் கழுத்தைச் சுற்றித் துண்டை மடித்து வைத்தார். "எந்தப் பக்கம் பாத்து உக்கார வச்சிருந்தீங்க?"

"ரோட்டப் பாத்துதாங்க, நல்லா" என்றார் அக்காவின் மாமனார்.

"ஒரு வயசு ஆவலைங்க சார். தெரிஞ்சேதான் திருப்பினேன்" என்றேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திருச்சிக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சீட்டு எழுதினார். வழியெல்லாம் அக்கா குழந்தையின் கழுத்துத் துண்டைப் பிடித்தபடி, எனக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஸ்கேன் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம். கோயிலில் பொங்கல் பொங்கி இறக்கியிருப்பார்கள், எங்களைக் காணோமென்று அம்மா ரோட்டுக்கு வந்து நின்றிருப்பாள். அவர்களிடம் போன் இல்லை, சொல்லியனுப்ப வழியில்லை. அடகுக்கடையில் தோட்டை வைத்துப் பணம் கட்டினேன்.

எலும்புக்கு ஒன்றுமில்லை, சதைதான் பிடித்திருக்கிறது, மூன்று வாரத்தில் சரியாகும் என்றார்கள்.

திரும்பும்போது இருக்கையைப் பின்பக்கம் பார்த்துக் கட்டினேன். அக்காவின் மாமனார் வாரின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். "கோச்சுக்கிட்டா என்னைய கோச்சுக்கட்டும் சாமி" என்று மட்டும் சொன்னார்.

பதின்மூன்றாம் மாதத்தில் காது குத்தினோம். அதே தோடுதான். வண்டி வாடகை, டாக்டர், ஸ்கேன், மருந்து, அடகு வட்டி, வீணாய்ப்போன பந்தி எல்லாம் சேர்த்து, நான் ஒரு வாரைத் திருப்பிக் கட்டியதற்கு ஆன செலவு ஏழாயிரத்து நானூற்று இருபது ரூபாய்.