தண்ணீர் குடிக்காத இரண்டு பெண்கள்

ஜெர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்த காலத்தில் என் கைப்பையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிக்கொண்டு போவேன். மாலையில் திரும்பும்போது அது காலியாக இருக்கும். ஆனால் ஒரு மிடறுகூட நான் குடித்திருக்க மாட்டேன். உடன் வேலை செய்கிறவர்கள், நான் உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்கிற பெண் என்று நினைத்தார்கள். நானும் திருத்தப் போகவில்லை. கழிப்பறையில் கடதாசி மட்டும் போதும் என்று வாழ்கிறவர்களிடம் அந்தப் போத்தலின் உபயோகத்தை எப்படி விளக்குவது?

கழுவுவதும் துடைப்பதும்தான் என் வேலை. ஒரு காலைக்குள் ஏழெட்டுப் பேரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்கென்று வரும்போதுதான் சிக்கல். வீட்டுக் கழிப்பறையையும் வேலையிடத்துக் கழிப்பறையையும் தாண்டி வேறெங்கும் போகமாட்டேன். வெளியே போகும் நாளென்றால் காலையிலிருந்தே தண்ணீர், தேநீர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். இதனால் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து மாத்திரை விழுங்கினேன். "ஊரில உள்ள ஆக்களையெல்லாம் கழுவி விடுறீர். அதுக்கு வெக்கமில்லை. உமக்கு ஒரு அவசரமெண்டால் மட்டும் வெக்கம்" என்று என் கணவர் பகிடி பண்ணுவார்.

வெட்கம் மட்டுமில்லை, பயமும்தான். அதை அவரிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. ஊரில் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாட்களில், நூற்றுக்கணக்கான பேருக்கு இரண்டே கழிப்பறைகள். நாங்கள் பின்னாலிருந்த புதர்ப் பற்றைக்குத்தான் போவோம். அம்மா சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாராவது அந்தப் பக்கம் வந்தால் செருமிக் காட்டுவார். அம்மா அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். பிறகு எனக்காகச் சேலை பிடிக்க யாரும் இல்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது அப்போதுதான்.

இல்லத்தில் எண்பத்தொரு வயதுப் பெண்மணி ஒருவர் இருந்தார். பழைய காலத்தில் டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், அந்த அதிகாரக் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. மாதம் ஒருமுறை முதியவர்களை வேனில் வெளியே உலா கூட்டிப்போவோம். முந்தைய உலாவில் அவர் வேனின் இருக்கையை நனைத்துவிட்டார். இன்னொரு தடவை அப்படி நடந்தால் டயப்பர் கட்ட வேண்டும், மாட்டேனென்றால் இனி உலாவே கிடையாது என்று எங்கள் பொறுப்பாளர் சொல்லிவிட்டார். டயப்பர் கட்டுவதைவிடச் செத்துப்போகலாம் என்று இவர் சொல்லிவிட்டார். வெளியே போகிற அந்த ஒரு நாளுக்காகவே மாதம் முழுவதும் காத்திருக்கிற மனுஷி அவர்.

அந்த இலையுதிர் கால உலாவன்று காலையில் அவர் அறைக்குப் போனேன். தேநீரைப் பூச்சாடிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இந்த வயதில் குடிக்காமல் இருந்தால் மயங்கி விழுவீர்கள் என்று நன்றாகத் திட்டினேன். அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான், ஒரு மணி நேரத்துக்கு முன் என் வீட்டுத் தேநீரை நானே தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

காட்டோர வாகனத் தரிப்பிடத்தில் இறங்கினோம். நாலு முதியவர்கள், நானும் இன்னொரு பராமரிப்பாளரும். அங்கிருந்த கழிப்பறை பூட்டிக் கிடந்தது, கோடைகாலம் முடிந்துவிட்டதாம். எதிரே இருந்த உணவகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்றவர்கள் வாங்குப் பலகையில் உட்கார்ந்து கேக் சாப்பிடத் தொடங்கினார்கள். இவர் மட்டும் நடக்க உதவும், இருக்கை வைத்த தன் தள்ளுவண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, முகம் நிறம் மாறிப்போய் என்னைப் பார்த்தார். பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வேனிலிருந்து ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு அவரை மரங்களுக்குள் கூட்டிப்போனேன்.

முதலில் ஒரு நல்ல மறைவிடம் கண்டுபிடித்தேன். அவர் மாட்டேனென்றார். பக்கத்தில் ஓடை ஓடுகிறதாம், மான் குடிக்கிற தண்ணீராம். மனுஷிக்கு முட்டிக்கொண்டு நிற்கிறது, அந்த நேரத்திலும் மானைப் பற்றிய கவலை! பாதையிலிருந்தும் தள்ளிப் போகச் சொன்னார். கடைசியில் விழுந்து கிடந்த ஒரு பெரிய காட்டு மரத்துக்கு அவர் மனம் ஒத்துக்கொண்டது. குழி தோண்டு என்றார். தடியாலும் சப்பாத்துக் குதியாலும் தோண்டினேன். தண்டின் விளிம்பில் அவரை உட்காரவைத்து, இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். உடை நனையவில்லை. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

துடைத்த கடதாசியைக் குழிக்குள் போடவும் அவர் விடவில்லை. அதைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டேன். பிறகு, அவ்வளவு நேரம் அவரைப் பிடித்திருந்த உரிமையில், யோசிக்காமல் போத்தலை எடுத்தேன். தண்ணீரால் கழுவிவிடட்டுமா என்று கேட்டேன். அவர் போத்தலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு தலையாட்டினார். கழுவித் துடைத்து முடித்ததும் அவர் ஜெர்மன் மொழியில் சொன்னது எனக்கு இன்றுவரை எங்கள் தமிழில்தான் கேட்கிறது.

"எண்பத்தொரு வயசாச்சு. இதை எனக்கு ஒருத்தரும் முதலே சொல்லேல்லையே."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் குழியை மூடி, இலைகளைப் பரப்பி, கையுறையைக் கழற்றி, கையையும் கழுவிக்கொண்டேன். போவோம் என்று தள்ளுவண்டியைத் திருப்பினேன். அவர் அசையவில்லை.

"இனி நீங்கள் போங்கோ."

எனக்கு வேண்டாம் என்றேன்.

"காலமை துவக்கம் நீங்களும் ஒண்டும் குடிக்கேல்லை. நான் பாத்தனான். போங்கோ, நான் நிக்கிறன்."

அடிவயிறு வலித்துக்கொண்டிருந்தது. அவர் தள்ளுவண்டியின் இருக்கையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். போர்வையை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தார். நான் மரத்துக்குப் பின்னால் இன்னொரு குழி தோண்டினேன். அவருடைய கைகள் நடுங்குவது போர்வையில் தெரிந்தது. ஆனால் அது கீழே இறங்கவில்லை.

நான் குந்தியிருந்தபோது நாய்ச் சங்கிலியின் சத்தம் கேட்டது. ஒருவர் தன் நாயோடு நேரே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். எனக்கு எழும்பவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. போர்வை பிடித்திருந்தவர் செருமினார். அந்த ஆள் நிற்கவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியவனைப் பிடித்த குரல் அப்போது வெளியே வந்தது.

"இஞ்சால வராதேங்கோ. பொம்பிளையள் இருக்கிறம்."

அந்த ஆள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாயை இழுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தம் வராமல்தான் அழுதேன். பெண்மணிக்குக் கேட்டிருக்கும். ஆனால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போத்தலில் மிச்சமிருந்த தண்ணீர் எனக்குப் போதுமாக இருந்தது.

வாங்குக்குத் திரும்பியதும் அவர் இரண்டு கோப்பை தேநீர் கேட்டார். ஒன்றை எனக்கு முன்னால் தள்ளிவைத்தார். இரண்டு பேரும் கடைசிச் சொட்டுவரை குடித்தோம்.

இல்லத்துக்கு வந்ததும் பொறுப்பாளர் வேனின் இருக்கையைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. அடுத்த உலாவுக்கும் அவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அதன் பிறகு நான் பராமரிப்புப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். கழிப்பறை உதவி தேவைப்பட்டதா? ஆம். உதவி கிடைத்ததா? ஆம். உதவி பெற்றவர் யார்? அங்கே ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. அவருடையதை எழுதினேன்.