நாகரெத்தினம் கட்டிய தகரக் கார்

வாவிக்குள் கார் இறங்கிய நாளிலிருந்து நாகரெத்தினத்துக்கு ஊரில் ஒரு பட்டம் கிடைத்துவிட்டது: 'கார் குளிப்பாட்டினவன்'.

மண்டூர்க் கோயில் திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றிப் போன நாள் அது. வாவியைக் கடக்க, தோணிகளைப் பிணைத்துப் பலகை அடித்த 'பாதை' ஒன்று இருந்தது. அதில் காரை ஏற்றி நிறுத்திவிட்டு அவனும் இறங்கி நின்றான். கரை நெருங்கியதும் சனம் முன்பக்கம் நெருக்கியது. பாதை முன்னுக்குச் சரிந்தது. சொல்லிக்கொள்ளாமல் போகிற விருந்தாளியைப் போலக் கார் மெதுவாகத் தண்ணீருக்குள் போய் நின்றது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. காரை இழுத்தெடுத்தவர்கள் கண்ட பிடியையெல்லாம் ஆட்டிவிட்டதால், கைபிரேக் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. காரின் சொந்தக்காரர், காத்தான்குடி முகைதீன்பாவா, ஒன்றே ஒன்று கேட்டார்.

"கைபிரேக்க இழுத்தியா தம்பி?"

"இழுத்தன் முதலாளி."

"இழுத்திருந்தா கார் ஏன் ஓடுது?"

நாகரெத்தினம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. உண்மையில் இழுத்தானா? தினமும் பழகிய வேலையைக் கை அன்றைக்கும் செய்ததா என்று மனத்துக்கு எப்படித் தெரியும்? முகம் கழுவும்போதும் இடது கையையே பார்த்தான்.

கைபிரேக் இழுத்த கார் சரிவில் ஓடுமா என்று அறிய, அந்தக் காரைச் சின்னதாகக் கட்டிப் பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி தோன்றவில்லை. பிஸ்கட் தகரத்தில் உடல், குடைக்கம்பியில் அச்சு, முதிரைக் கட்டையில் சில்லு, கிழிந்த டியூப்பில் டயர். பின் சில்லுகளை இறுக்கிப் பிடிக்க ஒரு தோல்வார். அதை இழுக்கச் சைக்கிள் கம்பியில் ஒரு பிடி. அசல் காரிலும் கைபிரேக் பின் சில்லுகளைத்தான் பிடிக்கும் என்பதால், முன் சில்லுகளைச் சும்மா சுழல விட்டான். துளை பெருத்தால் சில்லு ஆடியது. சிறுத்தால் அச்சுச் சிக்கியது. மாரி பிறந்ததும் மரம் ஊறி, நன்றாகச் சுழன்ற சில்லுகளும் இறுகிப்போயின. மறுபடியும் அராவினான்.

"ஊரெல்லாம் நெல் விதைக்க வட்டைக்குப் போகுது. நீங்க இஞ்ச தகரத்துக்குச் சட்ட தைக்கிறீங்க" என்றாள் மனைவி அன்னப்பிள்ளை.

"பொறுகா. முடியப் போகுது."

முடிந்தது. பலகையொன்றை உரலில் சாய்த்து, பிரேக்கை இழுத்து, மூக்குக் கீழே இருக்கக் காரை வைத்தான். வழுக்கி வந்துவிட்டது. வாரை இறுக்கினான், வந்தது. டயரை மாற்றினான், அப்போதும் வந்தது. இழுத்த பிரேக் பிடிக்கவில்லை என்றால் தன் பொருத்துவேலைதான் பிழை; இதை வைத்துப் பாதையில் நடந்ததை அறிய முடியாது. காரை அப்படியே விட்டுவிட்டு முற்றத்தில் போய்க் குந்தினான்.

வீடு கூட்ட வந்த அன்னப்பிள்ளை, நிலத்தில் கிடந்த காரை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"இஞ்சாருங்க! உங்கட கார் இப்ப நிக்குதே!"

ஓடி வந்து பார்த்தான். மூக்கு மேலே இருந்தது. காரைக் கிறுக்கி, மூக்கைக் கீழே திருப்பி வைத்தான், வழுக்கியது. மறுகா கிறுக்கி மூக்கை மேலே வைத்தான், நின்றது. பிரேக் நல்ல பிரேக்தான். மூக்குக் கீழே போனால் பாரம் முன் சில்லுகளுக்குப் போய்விடுகிறது; இறுகிய பின் சில்லுகள் பாரமில்லாமல் சறுக்குகின்றன.

நாகரெத்தினம் கொண்டுபோய்க் காட்டிய தகரக் காரை முகைதீன்பாவா தன் கடை மேசையில் பலகை சாய்த்து, தானே வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார்.

"அப்ப நீ இழுத்துத்தான் இரிக்காய். நான்தான் பிழையா நினைச்சிட்டன். இந்தா, சாவியப் புடி. இனிமே பாதையில பின்பக்கமா ஏத்து."

வெளியே வந்தபோது எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. இழுத்திருந்தாலும் கார் போயிருக்கும் என்றுதானே தகரக் கார் காட்டியது? அவன் இழுத்தான் என்று அது எங்கே சொன்னது? திரும்பிப் போய் இதை முதலாளியிடம் சொல்லிவிடலாமா? கடை வாசல்வரை நடந்தான். உள்ளே முகைதீன்பாவா, வந்தவர்களுக்கெல்லாம் தகரக் காரைச் சறுக்கவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நாகரெத்தினம் வந்த வழியே போனான்.

அடுத்த தடவை கார் பின்பக்கமாகப் பாதையில் ஏறியது. பாதைக்காரன் வேலனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்ன நாகரெத்தினம், மண்டூரோட கோவமா? முதுகக் காட்டிக்கொண்டு வாறாய்?"

"ஓம், கோவந்தான்."

கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான். இறங்கியவன் கதவு வழியாகக் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தான். இழுத்துத்தான் இருந்தது. ஆனாலும் பாதை கரை தட்டும்வரை அந்தக் கையை அவன் வெளியே எடுக்கவில்லை.