பாலத்தில் உலுக்கிய கார்

இடது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்ததும், இனி கிளட்ச் மிதிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்லூரியில் வேலை பார்த்த காலமெல்லாம் நானே கார் ஓட்டிப் போய் வந்தவள். ஓட்டுவதை விட மனம் வரவில்லை. பழைய காரைக் கொடுத்துவிட்டு, வேறொருவர் சில வருஷம் ஓட்டிய, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினோம்.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் சிநேகிதியைப் பார்க்கப் போனபோதுதான் முதல் தடவை அது நடந்தது. காவிரிப் பாலத்தின் நடுவில், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி கார் உலுக்கியது. பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டு விலகிப் போனது. பக்கத்தில் இருந்த என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஏன் பிரேக் போட்ட?”

“நான் போடலைங்க.”

“கிளட்சுன்னு நெனச்சு இடது கால் தானா பிரேக்குக்குப் போயிருக்கும். இத்தனை வருஷப் பழக்கம்.”

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆட்டோமேட்டிக்குக்குப் புதிதாக மாறுகிறவர்கள் அப்படி மிதித்துவிடுவது உண்டு. மறுபடியும் பாலத்தில் அதே உலுக்கல் வந்ததும் பாலக்கரையில் வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு ஃபால்ட்டும் காட்டலை மேடம்” என்றார்கள். கணவர் என் இடது காலைப் பார்த்தார். அதன் பிறகு ஸ்ரீரங்கம் போக வேண்டுமென்றால் அவர் பஸ்ஸில் போனார். ஒரு டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்றார்.

ஓட்டும்போது இடது காலை சீட்டுக்கடியில் மடக்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். அப்படியும் ஒரு நாள் உலுக்கியது. கால் மடங்கியேதான் இருந்ததா, நடுவில் நீண்டு மறுபடி மடங்கியதா? என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் நம்பாததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் கால் என்ன செய்தது என்பதே எனக்குத் தெரியாமல் போனதுதான் பயமாக இருந்தது.

டிரைவர் தேடுவதற்கு முன் கடைசியாக, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் போனோம்.

“எங்க உலுக்குதுங்க மேடம்?”

“பாலத்துல மட்டும்தான்.”

“அப்ப பாலத்துக்கே போவோம். நீங்களே ஓட்டுங்க.”

லேப்டாப்பை வண்டியில் இணைத்துக்கொண்டு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கணவர் பின் சீட்டில். பாலத்தில் இணைப்பு வரும் இடங்களில் டயர் தட்டும் சத்தம் கேட்டது. பாதிப் பாலம் தாண்டியதும் உலுக்கியது. வண்டியை ஓரங்கட்டப் பார்த்தேன்.

“நிறுத்தாதீங்க மேடம், அப்படியே போங்க,” என்றார் மெக்கானிக்.

அம்மா மண்டபம் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். லேப்டாப்பை அவர் பின்னால் என் கணவர் பக்கம் திருப்பினார்.

“இது வேகம் சொல்ற சென்சாருங்க சார். இந்த எடத்துல பொசுக்குனு சைபர் ஆகுது பாருங்க. வண்டி ஓடிட்டிருக்கு, ஆனா நின்னுடுச்சுன்னு கம்ப்யூட்டர் நெனச்சு கியரைக் கீழ எறக்குது. பிரேக் போட்ட மாதிரியே இருக்கும். வயர் எங்கயோ ஒரசுது; பாலத்து அதிர்வுல ஒரு நொடி விட்டுப்போகுது. கண்ணிமைக்கிற நேரத்துல திரும்பிடறதால ஸ்கேனர்ல பதிவாகலை.”

“பிரேக்?” என்று நான் கேட்டேன்.

“இந்தக் கோடுதான் பிரேக். அசையவே இல்லைங்க மேடம். நீங்க தொடலை.”

என் கால் செய்யாததை அந்தக் கோடு பார்த்திருக்கிறது. கண்ணில் நீர் வந்துவிட்டது. கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்துக்கொண்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் காரை மேலே தூக்கிப் பார்த்தபோது, ஒரு இரும்புப் பட்டையில் உரசி உரசி வயரின் தோல் உரிந்திருந்தது. அன்றைக்கே சரிசெய்து கொடுத்தார்.

வீடு திரும்பும்போது கணவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். “உன்னைத்தான் தப்பா நெனச்சுட்டேன். ஆனா அன்னிக்கு லாரி வந்தப்போ நிஜமாவே பயந்துட்டேன்,” என்றார்.

“நானும்தான் பயந்தேன்,” என்றேன். “அதை நீங்க கேக்கவே இல்லையே.”