சிலுவையம்மாள் வீட்டுப் பட்டு ரோஸ்

எங்கள் ராயபுரம் தோட்டப் பிரியர் சங்கத்துக்கு எட்டு வருஷம் தலைவியாக இருந்த சிலுவையம்மாளுக்குச் சொந்தமாக ஒரு சாண் தோட்டம் கிடையாது. காசிமேட்டுச் சந்து ஒன்றில் ஒற்றை அறை வீடு, வாசலில் வெறும் மணல், பிழைப்புக்குக் கருவாட்டு வியாபாரம். அவளைத் தலைவியாக்கியது நான்தான் என்று ரொம்ப நாள் பீற்றிக்கொண்டிருந்தேன். அது பொய். ஒரு பூ விருந்தில் என்னைத் தோற்கடித்துவிட்டுத்தான் அவள் அந்த நாற்காலிக்கு வந்தாள்.

1967இல் அவள் சேர்ந்தபோது சங்கத்தில் பதினாறு பேர். ரயில்வே குமாஸ்தா கருணாகரனாகிய நான் செயலாளர். மழை விட்டதும் மாதவரம் பக்கம் நர்சரிகளுக்கு ஒரு நாள் போவோம். கோடையில் எண்ணூர் கடற்கரையில் கட்டுச்சாதம். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, உறுப்பினர் ஒருவர் வீட்டில் பூ பார்க்கும் விருந்து. அந்த விருந்தில் ஒரு வழக்கம் உண்டு. பிடித்த செடியின் கிளையை எல்லார் முன்னாலும் வாய்விட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அப்போது வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண வீட்டுச் சம்பந்தி கெட்டார்.

சிலுவையம்மாள் எல்லார் வீட்டிலும் கேட்டு வாங்கினாள். அவளிடம் கேட்க யாருக்கும் ஒன்றும் இருந்ததில்லை. அவள் வறுத்துக் கொண்டுவரும் வஞ்சிரத்தை எண்ணூர் மணலில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் தின்போம். அவள் வீட்டுப் பக்கம் மட்டும் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. நானும்தான்.

1969 தீபாவளி கழித்துச் சீட்டுக் குலுக்கியபோது, அடுத்த விருந்துக்கு அவள் பெயர் வந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்பு ரோஜா வைக்கப்போவதாகவும், பதினைந்து பேரும் தன்னிடம் கேட்டு வாங்கியாக வேண்டும் என்றும் சொன்னாள். ரோஜாவுக்கு என்ன போடலாம் என்று விசாரித்தாள். மீன் கழுவின தண்ணீரை ஊற்று, பிய்த்துக்கொண்டு வளரும் என்று பெரிய மனுஷனாட்டம் சொல்லி அனுப்பியது நான்.

மூன்று வாரத்தில் ஐந்து டின் ரோஜாவும் கருகிவிட்டதாகச் செய்தி வந்தது. எங்களுக்கும் அதுதானே வேண்டியிருந்தது. விருந்தை வண்ணாரப்பேட்டை ஜவுளி வியாபாரி அத்தாவுல்லா பாயின் மொட்டைமாடிக்கு மாற்றுவதாக அவசர அவசரமாக முடிவெடுத்தோம். பாய்க்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சேதி சொல்ல என்னை அனுப்பினார்கள்.

நான் போனபோது அவள் கருவாடு அலசிய தண்ணீரை ரோஜா டின்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் சொன்னது பச்சை மீன் கழுவின தண்ணீர். விடிந்தால் கருவாட்டோடு புழங்குகிறவளுக்கு அதுவும் மீன்தானே. உப்பெல்லாம் வேருக்குப் போயிருந்தது. தப்பு என்னுடையது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்த மண்ணில் ஒன்றும் வராது, அதனால் விருந்தை மாற்றிவிட்டோம் என்றேன்.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "இன்னா சார், என் வூட்ல குந்தி சாப்ட கூச்சமா கீதுன்னா நேரா சொல்லு. மண்ணு மேல பயிய போடாத."

என் முகம் செத்துவிட்டது. விருந்து இங்கேதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

எப்போதும் சாயங்காலம் நாலு மணிக்குக் கூடுவோம். அவள் காலை பத்து மணிக்கு வரச் சொன்னாள், அதற்கு முன்னால் வரவே கூடாதாம். நாங்கள் ஒன்பதரைக்கே போய் நின்றோம். அவள் புருஷன் சவரிநாதனின் ஓட்டைப் படகு வாசலில் கிடந்தது. அதில் மணலை நிரப்பி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பொடிப்பொடியாகப் பச்சை. பருப்புக்கீரை என்று நினைத்தேன். கணக்கு வாத்தியார் அப்பாவு, கூட்டுக்கு ஆகும் என்று என் காதில் சொன்னார். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மாதா கோயில் பூசைக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு சிலுவையம்மாள் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றாள். பாய் மட்டும் குனிந்து ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தார்.

கிழக்கே இருந்த ஐஸ் கிடங்கின் கூரையைத் தாண்டி வெயில் படகில் விழுந்தது. முதலில் நாலைந்து மொட்டுகள் விரிந்தன. அப்புறம் எண்ண முடியவில்லை. பத்தரை மணிக்குப் படகு நிறையச் செக்கச்செவேலென்று அடுக்குப் பட்டு ரோஸ், வெயில் பட்டால்தான் விரிகிற பத்து மணிப் பூ. சந்தே கூடிவிட்டது. அப்பாவு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

முந்தின வருஷம் பாயிடம் அவள் கேட்டு வாங்கிய கிளையின் வம்சம் அது. ரோஜா மோகத்தில் அதைச் சுவரோரம் வீசியிருக்கிறாள். தினமும் மிச்சக் கருவாட்டுத் தண்ணீரைக் கொட்டுகிற இடம் அது. நான் மண்ணைக் குறை சொல்லிவிட்டுப் போன அன்றுதான் அந்த உப்பிலும் அது தழைத்துக் கிடப்பது அவள் கண்ணில் பட்டது. அன்றைக்கே கிள்ளிக் கிள்ளிப் படகு முழுக்க ஊன்றிவிட்டாள். பாய் வீட்டுத் தாய்ச்செடியோ, செல்லம் கொடுத்துத் தண்ணீர் ஊற்றியதில் எப்போதோ அழுகிப் போயிருந்தது.

முதலில் கேட்டது பாய்தான். அப்புறம் ஆளாளுக்கு முண்டியடித்தார்கள். சாப்பிட்டால்தான் கிளை என்றாள் சிலுவையம்மாள். அந்த ஒற்றை அறையில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து மீன் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டோம்.

கடைசியாக நான் போய் நின்றேன். அன்றைக்குத் தப்பு என்னுடையது, மண்ணுடையது இல்லை என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "சிலுவையம்மா, எனக்கும் ஒரு கிளை வேணும்."

இருப்பதிலேயே பெரிய கிளையாகப் பார்த்து ஒடித்து என் கையில் வைத்தாள்.

"எத்துகினு போ சார். இதுக்கு நீ இன்னா தண்ணி ஊத்த சொன்னாலும் சாவாது."

சந்தே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, கிளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.