கங்காணி சோலைமலையின் போர்டு

லிந்துலைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி சோலைமலைக்குப் பிடித்த வேலை ஒன்றுதான்: ஏவுவது. கல்யாண வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் பரிமாறுகிறவனை ஏவாமல் அவருக்குச் சோறு இறங்காது.

தோட்டத்துப் பள்ளிக்கூட லோஜினி டீச்சர்தான் அந்தப் பேச்சை எடுத்தார். புத்தளம் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டில், மனுசன் பிறக்கும் முன்பே செத்துக் கல்லாகிப்போன கடல் சிப்பிகள் கிடக்கின்றனவாம். காணிக்காரரின் அனுமதியோடு பொறுக்கி வந்து பள்ளி அலுமாரியில் வைக்கலாம் என்றார். கொழுந்து பறிக்கும் நாங்கள் வேன் பிடித்தோம். கூப்பிடாமலே முன் சீட்டில் சோலைமலை. அலுமாரிக்கு மேல் 'சேகரித்தவர்: கங்காணி சோலைமலை' என்று போர்டு தொங்க வேண்டுமாம். டீச்சரும் மாட்டுவதாகச் சொல்லிவிட்டார். அவர் பெயர் இதுவரை எந்தச் சுவரிலும் ஏறியதில்லை. அந்த ஆசையில் மனுசனுக்குத் தூக்கமே இல்லை.

மேட்டில் இறங்கியதும், "ஆளுக்கொரு நிரை புடிங்க!" என்று கத்தினார். தேயிலை மலையா அது? நாங்களும் பழக்கதோசத்தில் வரிசையாக நின்றோம், வெட்கக்கேடு! அவர் குடைக்குள் நின்றபடி, "முத்தலா பாத்து எடும்மா" என்றார். கொழுந்தில் முத்தல் கிடந்தால் எங்களைக் கிழிக்கிற அதே வாய். குனிந்து ஒரு கல்லைக்கூட அவர் எடுக்கவில்லை.

பொறுக்கியதைக் கட்ட, தேயிலைக்குப் போடும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் வந்த வெற்றுப் பைகளைத்தான் கொண்டுபோயிருந்தோம். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் விறகு சுமப்பதும் அந்தப் பையில்தான். திரும்பியதும், "பூட்டு இருக்கு, உர ஸ்டோர்ல வைங்க" என்று ஏவினார். வைத்தோம்.

மறுநாள் அவர் தலவாக்கலையில், போர்டு எழுதுகிறவனிடம் தன் பெயரைப் பெரிதாக்கச் சொல்லி நின்றிருக்கிறார். எங்களோடு வராத சின்னராசா, மலைக்கு உரம் போடப் பைகளை அவிழ்த்துவிட்டு அவருக்குப் போன் எடுத்திருக்கிறான்.

"கங்காணி, டொலமைட்டு கட்டி கட்டியா கெடக்குங்க. அதுல என்னமோ..."

"நனைஞ்சா கட்டியாத்தான்டா இருக்கும்! சுத்தியல் இல்லையா? ஒடைச்சுப் போடு. எல்லாத்தையும் நானே சொல்லணுமா?"

உடைத்துத் தூளாக்கி மலை முழுக்கத் தூவிவிட்டான்.

சாயங்காலம் போர்டோடு வந்து இறங்கிய கங்காணி, வெற்றுப் பைகளைப் பார்த்துக் குதித்தார். "யார்ரா ஒடைக்கச் சொன்னது?"

"நீங்கதானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. முதுகு ஒடியப் பொறுக்கியதை நினைத்து வயிறும் எரிந்தது.

லோஜினி டீச்சர் சொன்ன சொல் தவறாதவர். காலி அலுமாரிக்கு மேல் போர்டை மாட்டிவிட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைச் சத்தம் போட்டு வாசிக்கிறார்கள். கழற்றச் சொல்லிக் கங்காணி தினமும் ஆள் ஏவுகிறார். இந்த ஒன்றை மட்டும் எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.